ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து கோலின் சாப்மனின் கார்களை ஓட்டுவது: ஒரு சிமுலேட்டர் கடை விமர்சனம்

பெருங்குடிப் பக்கம் ஒரு ஜிம்முக்கு மேல் மாடியில் இருக்கும் ரேசிங் சிமுலேட்டர் கடையைப் பற்றிய விமர்சனம் இது. கடையின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன். நடத்துகிற தம்பிகள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், பெயரைப் போட்டு அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

தேவையான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு ரிக் (சீட், ஸ்டீயரிங், பெடல், திரை எல்லாம் சேர்ந்த ஓட்டும் அமைப்பு) இருக்கிறது. அரை மணிக்கு 500 ரூபாய், ஒரு மணிக்கு 900. ஜன்னல் ஓரத்து ரிக்கில் மட்டும்தான் கிளட்சோடு மூன்று பெடலும், கையால் மாற்றும் ஐந்து கியர் லீவரும் உண்டு. மற்ற மூன்றிலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டும் பேடில்தான். வருகிறவர்களில் பெரும்பாலோர் இன்றைய ஃபார்முலா 1 கார் ஒன்றை எடுத்து, நண்பனின் காரில் இடித்துச் சிரித்துவிட்டுப் போகிற காலேஜ் பசங்கள். அவர்களுக்கு அந்த மூன்று ரிக் தாராளம்.

நான் போகிற காரணம் வேறு. அங்கே அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய மென்பொருளை வைத்திருக்கிறார்கள். அதில் லோட்டஸ் 25, லோட்டஸ் 49, லோட்டஸ் 72டி மூன்றும் இருக்கின்றன. ஐரேசிங் என்ற இன்னொரு மென்பொருளும் இருக்கிறது, அதில் லோட்டஸ் 79. 1962, 1967, 1970, 1978 என்று இந்த நான்கையும் வரிசையாக ஓட்டினால், பிரிட்டனின் லோட்டஸ் ரேஸ் கார் கம்பெனியை ஆரம்பித்த கோலின் சாப்மன் என்ற ஒரே மனிதரின் யோசனை எப்படி நகர்ந்தது என்பதைக் கையாலும் காலாலும் தெரிந்துகொள்ளலாம். மணிக்கு 900 ரூபாயில் இப்படி ஒரு பாடம் சென்னையில் வேறெங்கும் கிடைக்காது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் கம்பெனிகளுக்கு ஷீட் மெட்டல் பாகங்கள் செய்து கொடுக்கும் இடத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். பெரும்பாலும் பிராக்கெட். "மேடம், இதுல நாப்பது கிராம் குறைக்கணும்" என்று மெயில் வரும். குறைத்துவிடலாம், அது ஒரு மதிய வேலை. குறைத்தது அதிர்வில் விரிசல் விடாது என்று நிரூபிப்பதற்குத்தான் மாதங்கள் போகும். அதனால் சாப்மனை எனக்குப் பொறாமையோடும் பார்க்கத் தோன்றும், பயத்தோடும் பார்க்கத் தோன்றும். நாங்கள் மாதக்கணக்கில் செய்யும் அந்த இரண்டாவது வேலையை அவர் பல சமயம் பந்தய மைதானத்திலேயே, ஓட்டுநரை உள்ளே உட்காரவைத்துச் செய்தார்.

1928-ல் லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தவர். படித்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில், கட்டமைப்புப் பொறியியல். அதாவது பாலமும் கட்டடமும் கட்டுகிறவர்களின் படிப்பு, எஞ்சின்காரர் இல்லை. காதலியாக இருந்து பிறகு மனைவியான ஹேஸலின் பெற்றோர் வீட்டு ஷெட்டில், ஒரு பழைய ஆஸ்டின் 7-ஐப் பிரித்து முதல் காரைச் செய்தார். 1952-ல் லோட்டஸ் கம்பெனி ஆரம்பித்தபோது பட்டறை இருந்தது ஹார்ன்சியில், அப்பா நடத்திய மதுக்கடைக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தில். கார் என்பதை எஞ்சினைச் சுமக்கும் வண்டியாகப் பார்க்காமல், சுமையைத் தாங்கி நிற்கும் ஓர் அமைப்பாகப் பார்க்கும் பழக்கம் அந்தப் படிப்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரு பாகம் ஒரு வேலை மட்டும் செய்தால் அவருக்குப் பொறுக்காது.

சரி, கார்களுக்கு வருவோம்.

லோட்டஸ் 25-ல் ஆரம்பியுங்கள். பாதைப் பட்டியலில் 1967-ம் வருஷத்து சில்வர்ஸ்டோன் என்று தனியாக ஒன்று இருக்கும், அதைக் கேளுங்கள். விமான ஓடுதளத்தைச் சுற்றிப் போட்ட தட்டையான ரோடு, இடித்துக்கொள்ளச் சுவர் அதிகம் இல்லை. எஞ்சின் 1.5 லிட்டர் கவன்ட்ரி கிளைமாக்ஸ் வி8. சத்தம் பெரிதாக இருந்தாலும் தள்ளு பெரிதாக இல்லை. ஸ்டீயரிங் லேசு. பின்பக்கம் நழுவ ஆரம்பிக்கும்போதே தெரிந்துவிடும், பிடித்துக்கொள்ள நேரம் கொடுக்கும். நான்கில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், காரணம் தொழில் பாசம். அதுவரை ரேஸ் கார் என்றால் மெல்லிய குழாய்களைப் பற்றவைத்த கூடு, அதன்மேல் தகடு. சாப்மன் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். அலுமினியத் தகடுகளை மடித்து ரிவெட் அடித்து இரண்டு பக்கமும் நீளமான பெட்டிகள், அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே பெட்ரோல் பை, நடுவில் ஓட்டுநர். தகடே சட்டம். ஃபார்முலா 1-ல் முழுச் சுமையையும் தகட்டுக் கூடே தாங்கிய முதல் கார் இது. வளைந்து முறுக்காத உறுதியும் எடைக் குறைவும் ஒரே சமயத்தில் கிடைத்தன. 1963-ல் பத்துப் பந்தயங்களில் ஏழில் லோட்டஸ் ஓட்டுநர் ஜிம் கிளார்க் ஜெயித்தார்.

இதில் சாப்மனின் இன்னொரு குணமும் தெரியும். அதே 1962 சீசனுக்கு மற்ற அணிகளுக்கு விற்றது லோட்டஸ் 24 என்ற குழாய்க் கூடு கார். காசு கொடுத்து புதுக் கார் வாங்கிய பெருமையோடு வந்தவர்கள், சாப்மனின் சொந்த அணி தகட்டுக் காரை இறக்குவதைப் பார்த்து நின்றார்கள். எங்கள் எஸ்டேட்டில் இப்படிச் செய்தால் அடுத்த ஆர்டர் வராது.

இங்கே கடையைப் பற்றி முதல் குறை. 25-ல் கிளார்க் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டுதான் ஓட்டினார். காற்றில் படும் முகப்பைச் சின்னதாக்க சாப்மன் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தார். கடையின் சீட் செங்குத்து. கொஞ்சம் சாய்க்க முடியுமா என்று கேட்டேன். "அக்கா, அது போல்ட் போட்டது, ஆட்டினா மானிட்டர் லெவல் போயிடும்" என்றார் தம்பி. முதுகை வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதை இங்கே கற்பனைதான் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது 49. இதற்கு ஜன்னல் ஓரத்து ரிக் கட்டாயம். பேடிலைத் தட்டி 49 ஓட்டுவதைவிட யூடியூபில் பார்த்துவிட்டுப் போகலாம். கடையின் கிளட்ச் பெடல் நன்றாக இருக்கிறது. லீவர்தான் பிரச்சினை: அடிப்பலகையில் கிளாம்ப் தளர்ந்து, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லீவரோடு பலகையும் வரும். சொன்னேன், இறுக்கினார்கள், அடுத்த முறை போனபோது மறுபடி ஆடியது. ஒரு லாக் நட் போட்டால் தீர்ந்துவிடும்.

கீத் டக்வொர்த் வடிவமைத்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினுக்கு ஃபோர்டு கம்பெனி 1,00,000 பவுண்டு கொடுத்தது. கேட்டுக் கொடுக்கவைத்தவர்களில் சாப்மன் முக்கியமானவர். 3 லிட்டர், 400 குதிரை சக்தியைத் தொடும் எஞ்சின். மாரிஸ் பிலிப்போடு சேர்ந்து சாப்மன் அதற்கு வரைந்த காரில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சட்டம் முடிந்துவிடுகிறது. அங்கே எஞ்சினை நேராக போல்ட் போட்டு மாட்டி, பின் சஸ்பென்ஷனை எஞ்சினிலும் கியர் பாக்ஸிலும் தொங்கவிட்டார்கள். எஞ்சின் ஓட்டவும் செய்கிறது, சட்டமாகவும் இருக்கிறது. இதற்கு முன்பும் சிலர் முயன்றதுதான், ஆனால் இவ்வளவு சுத்தமாக அமைந்தது இதில்தான். இன்றைக்கு எந்த ஃபார்முலா 1 காரைப் பிரித்தாலும் இதே அமைப்பைத்தான் பார்ப்பீர்கள். 1967 ஜூன் 4, ஹாலந்தின் ஸாண்ட்வூர்ட், முதல் பந்தயம்: லோட்டஸின் இன்னொரு ஓட்டுநர் கிரஹாம் ஹில் முதலிடத்தில் கிளம்பி நின்றுபோனார், கிளார்க் ஜெயித்தார். அந்த எஞ்சின் 1983 வரை 155 உலகச் சாம்பியன்ஷிப் பந்தயங்களை ஜெயித்தது.

ஓட்டினால்? பயமுறுத்தும். இறக்கை கிடையாது, கடையில் இருப்பது 49-க்கு இறக்கை முளைப்பதற்கு முந்தைய வடிவம். டயர் மெல்லிசு. இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது காலைச் சற்று அதிகம் அழுத்தினால் காரின் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். இத்தாலியின் பழைய மான்ஸா பாதையை, 1966 வடிவத்தில், கேட்டு வாங்கி ஓட்டுங்கள். அங்கே 1967-ல் கிளார்க் டயர் பஞ்சராகி ஒரு முழுச் சுற்று பின்தங்கினார். அந்தச் சுற்றையும் மீட்டு, எல்லோரையும் தாண்டி முன்னிலைக்கு வந்து, கடைசிச் சுற்றில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறாமல் மூன்றாவதாக முடித்தார். அந்த நீண்ட நேர் ரோட்டில் இந்தக் காரைப் பிடித்து வைத்திருந்தாலே என்ன மாதிரி ஓட்டுநர் அவர் என்று கொஞ்சம் புரியும். அரை மணி போதாது, ஒரு மணியாக எடுங்கள்.

இந்த இடத்தில்தான் சிமுலேட்டர் சொல்லாத விஷயம் ஆரம்பிக்கிறது. கடையில் நீங்கள் எந்த லோட்டஸை எடுத்தாலும் அது தானாக உடையாது. நீங்கள் எதிலாவது போய் மோதினால்தான் சேதம். சாப்மனின் நிஜக் கார்கள் அப்படி இல்லை. 1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஸ்டெர்லிங் மாஸின் லோட்டஸ் 18-ல் பின் சக்கரம் ஓட்டத்திலேயே கழன்றது; இரண்டு காலும் முறிந்தன. அதே வாரம் அதே மைதானத்தில் இன்னொரு 18-ல் ஸ்டீயரிங் உடைந்து மைக் டெய்லரின் பந்தய வாழ்க்கை முடிந்தது. அவர் லோட்டஸ் மேல் வழக்குப் போட்டார். 1968-ல் கார்களுக்கு உயரமான இறக்கை வந்தது. மெல்லிய கம்பிகளின் மேல், நேராக சஸ்பென்ஷனில் நிற்கும் இறக்கை. 1969-ல் பார்சலோனாவின் மான்ஜூயிக்கில் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் 49-களிலும் ஒரே பந்தயத்தில் இறக்கை முறிந்தது. இரண்டு காரும் சிதைந்தன. அடிபட்டுக் கிடந்த ரிண்ட் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார்: சில பவுண்டு எடை கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களை உறுதிப்படுத்துங்கள் என்று.

எனக்கு வரும் நாற்பது கிராம் மெயிலுக்கு நேர் எதிரான கடிதம் அது. அச்செடுத்து என் மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். எங்கள் மேனேஜர் இன்னும் படிக்கவில்லை.

72டி-யை அந்தக் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். பார்க்கவே வேறு கார். அதுவரை சுருட்டு மாதிரி இருந்த உடம்பு ஆப்பு மாதிரி ஆகிவிட்டது. மூக்கில் இருந்த ரேடியேட்டர் இரண்டாகப் பிரிந்து ஓட்டுநரின் இரு பக்கமும் போய்விட்டது. இன்று வரை ஃபார்முலா 1 காரின் பக்கவாட்டில் காற்று வாய்கள் இருப்பதற்கு மூலம் இதுதான். பிரேக்கைச் சக்கரத்தில் வைக்காமல் உள்ளே, உடம்போடு சேர்த்து வைத்தார். சக்கரம் லேசாக இருந்தால் மேடு பள்ளத்தில் ரோட்டை விடாது பிடிக்கும். அதற்காக முன் சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிரேக்கையும் இணைக்க ஒரு தண்டு தேவைப்பட்டது. சிமுலேட்டரில் 49-க்குப் பிறகு இதை எடுத்தால் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரிகிறது. இறக்கை அழுத்துகிறது, மூக்கு சொன்ன இடத்துக்குப் போகிறது, தைரியம் வருகிறது. சில வருஷங்களிலேயே இவ்வளவு தூரம்!

1970-ல் ரிண்ட் ஹாலந்து, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி என்று தொடர்ந்து நான்கு பந்தயங்களை இந்தக் காரில் ஜெயித்தார். செப்டம்பர் 5, மான்ஸா, பயிற்சி ஓட்டம். நேர் ரோட்டில் வேகம் கூட வேண்டும் என்று இறக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். பாராபோலிகா வளைவுக்கு முன் பிரேக் அடித்தபோது கார் இடப்பக்கம் திரும்பித் தடுப்பில் மோதியது. முன் பிரேக் தண்டு முறிந்திருந்தது. தடுப்பும் ஒழுங்காக நிறுவப்படவில்லை, பெல்ட்டையும் அவர் முழுதாக மாட்டியிருக்கவில்லை; சாவுக்கு அவையும் காரணம். மீதிப் பந்தயங்களில் அவருடைய புள்ளியை யாரும் தாண்டவில்லை. இறந்த பிறகு உலகச் சாம்பியன் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அமெரிக்காவில் எமர்சன் ஃபிட்டிபால்டி அதே 72-ல் ஜெயித்து அதை உறுதி செய்தார். 1972-ல் அவரே சாம்பியன். கார் 1975 வரை ஓடியது, மொத்தம் 20 வெற்றிகள்.

கடையில் நான் பாராபோலிகாவுக்கு பிரேக் அடித்தால் தண்டு ஒவ்வொரு முறையும் தாங்குகிறது. மென்பொருளின் குறை என்று சொல்ல மாட்டேன். பொழுதுபோக்கக் காசு கொடுத்து வருகிறவருக்குத் தண்டு முறிந்து காட்டினால் சண்டைக்கு வருவார். ஆனால் கடைச் சுவரில் இந்தக் கார்களின் படங்களைப் பெரிசு பெரிசாக மாட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே குதிரை சக்தியும் வெற்றிக் கணக்கும் மட்டும். ரிண்ட் பெயரில் ஒரு வரி சேர்த்தால் என்ன? தம்பியிடம் சொன்னேன். "பசங்க அதெல்லாம் படிக்க மாட்டாங்கக்கா" என்றார். படிப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் அங்கே செய்ய வேறு ஒன்றும் இல்லை.

79-க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஐரேசிங் திறந்து லாகின் போட்டுக் கொடுக்கவே பத்து நிமிஷம் ஆகும். அந்த நிமிஷங்களையும் கணக்கில் எழுதுகிறார்கள், கேட்டால் கழிப்பார்கள், கேளுங்கள். கறுப்பும் தங்கமுமாக ஓடிய இந்தக் கார் வேகத்தைத் தரையிலிருந்து எடுத்தது. பக்கப் பெட்டிகளின் அடிப்பாகம் கவிழ்த்துப் போட்ட விமான இறக்கை வடிவம். ஓரங்களில் ரோட்டைத் தொட்டுக்கொண்டே வழுக்கும் தடுப்புப் பட்டை. அடியில் போகும் காற்று வேகமெடுக்க, அழுத்தம் குறைந்து, கார் ரோட்டோடு உறிஞ்சப்படுகிறது. இம்பீரியல் காலேஜ் காற்றுச் சுரங்கத்தில் லோட்டஸ் பொறியாளர் பீட்டர் ரைட் மாடல்களை வைத்துச் சோதித்தபோது, தொய்ந்துபோன ஒரு மாடலின் ஓரம் தரையை நெருங்க நெருங்க அழுத்துவிசை எக்கச்சக்கமாக ஏறியது. அங்கிருந்து வந்தது முதலில் 78, பிறகு 79. சாப்மனின் திறமை இங்கே வேறு மாதிரி: எல்லாவற்றையும் தானே வரையாமல், சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கொடுத்துவிட்டு, வந்த பதிலின் மதிப்பை உடனே பிடித்துக்கொண்டார்.

1978-ல் 79 ஆறு பந்தயங்களை ஜெயித்தது. ஐந்து மரியோ ஆண்ட்ரெட்டி, ஒன்று ரோனி பீட்டர்சன். இதைத் துரத்த முடியாமல்தான் போட்டி அணியான பிராபமின் வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரே தன் காருக்குப் பின்னால் பெரிய ஃபேனையே மாட்டினார். ஸ்வீடனில் நிக்கி லௌடா அதில் ஜெயித்ததோடு அது நின்றது. ஆண்ட்ரெட்டி சாம்பியன் ஆன நாள் மான்ஸாவில். அன்று காலை பயிற்சியில் தன் 79-ஐச் சேதப்படுத்திக்கொண்ட பீட்டர்சன் பழைய 78-ல் கிளம்பினார், தொடக்கத்திலேயே பெரிய மோதல், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

79-ல்தான் கடை தோற்கிறது. மற்ற மூன்றில் கை, கால், கண் போதும். இந்தக் கார் வேகம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும் என்பதைக் கழுத்தால் உணரவேண்டும். கடையின் ரிக் அசையாது. ஸ்டீயரிங் கனமாவது தெரிகிறது, அவ்வளவுதான். வி.ஆர். ஹெட்செட் போட்டால் கொஞ்சம் நம்பலாம். எனக்குத் தலை சுற்றியது, கழற்றிவிட்டேன். மதியம் சாப்பிட்ட கையோடு அதைப் போடாதீர்கள்.

பட்டியலில் லோட்டஸ் 98டி-யும் இருக்கும். பசங்களுக்கு உயிர், ஓட்டுநர் அயர்டன் சென்னாவின் 1986 டர்போ கார். அது ஜெரார்ட் டுக்காரூஜ் வடிவமைத்தது, சாப்மன் அப்போது இல்லை. 79-க்குப் பிறகு அவருக்குப் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. 80 ஏமாற்றியது, இரண்டு சட்டம் வைத்த 88-ஐ 1981-ல் தடை செய்தார்கள். 1982 ஆஸ்திரியாவில் லோட்டஸ் ஓட்டுநர் எலியோ டி ஏஞ்சலிஸ் 0.05 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தபோது, வழக்கம்போலத் தொப்பியைக் காற்றில் வீசினார். கடைசித் தடவை. அந்த டிசம்பர் 16-ல் மாரடைப்பு, வயது 54. லோட்டஸ் கார் வடிவமைத்துக் கொடுத்த டிலோரியன் கம்பெனியின் பணம் காணாமல் போன விவகாரம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. லோட்டஸின் கணக்கு அதிகாரி ஜெயிலுக்குப் போனார், சாப்மன் இருந்திருந்தால் குறைந்தது பத்து வருஷம் போட்டிருப்பேன் என்று நீதிபதி சொன்னார். அந்த அத்தியாயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. என்னைத் தொந்தரவு செய்வது தண்டும் இறக்கைக் கம்பியும்தான். ஏழு கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் (கார் செய்யும் அணிக்கான உலகப் பட்டம்) வாங்கிய கையெழுத்தும் அதே கையெழுத்துத்தான்.

மதிப்பெண்: ஜன்னல் ஓர ரிக்குக்கு ஐந்துக்கு நான்கு, மற்ற மூன்றுக்கு இரண்டரை. ஏசி நன்றாக இருக்கிறது, அதிகமாகவே. துப்பட்டா கொண்டு போனது உதவியது. பாத்ரூம் சுத்தம். பெண்கள் தனியாகப் போகலாம், யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை, முதல் சுற்றில் நான் சுழன்றபோது ஒரு பையன் கைதட்டியதைத் தவிர. கீழே டூ வீலர் நிறுத்த இடம் உண்டு, கார் என்றால் சர்வீஸ் ரோட்டில் தேடவேண்டும். சனி ஞாயிறு மாலை வேண்டாம், பிறந்தநாள் கூட்டம் வரும். வார நாளில் காலை பதினொன்றுக்குப் போன் போட்டு "கியர் லீவர் ரிக்" என்று தெளிவாகச் சொல்லி புக் பண்ணுங்கள். உட்கார்ந்ததும் லீவரை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, பலகை அசைந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே தம்பியிடம் ஸ்பேனர் எடுத்துவரச் சொல்லுங்கள்.